உரிமை சந்நிதியானுக்கே

பதினாறு பக்கப் பதிகம் ஒன்று. தொண்டைமானாற்றில் ஒரு பழைய வீட்டுப் பெட்டகத்தின் அடியில், வேட்டித் துண்டில் சுற்றிக் கிடந்த கட்டிலிருந்து வந்தது. நடுவில் குத்தியிருந்த கம்பி துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. அது இருந்த இடத்தில் இரண்டு கபிலப் பொட்டுகள் மட்டும். முன்னட்டையில் செல்வச்சந்நிதி வேலவர் பெயர். ஆசிரியர் பெயர் வரவேண்டிய இடத்தில் ‘அடியான் ஒருவன்’. அதன்கீழ் ‘பிலவ வருஷம் தை மாதம்’. எல்லாவற்றுக்கும் கீழே, பொடி எழுத்தில், ‘இதன் உரிமை சந்நிதியானுக்கே’.

கட்டைக் கொண்டுவந்தவன் எனக்கு மருமகன் முறையான பெடியன். பழைய நூல்களை ஸ்கான் செய்து மின்னூலாக்கும் வேலையில் கொஞ்சக் காலமாக மினைக்கெடுகிறான். அவனுடைய படிவத்தில் ‘உரிமை’ என்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பாமல் அடுத்த நூலுக்குப் போக வழியில்லை.

“மாமா, இதுக்கு என்ன போடுறது? ஆர் எழுதினதெண்டே தெரியேல்லை. பழசுதானே, பொதுவுடைமை எண்டு போட்டிடட்டோ?”

‘பழசுதானே’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் எங்கள் ஆட்களில் பாதிப்பேர் இந்த விஷயத்தை முடித்துவிடுகிறார்கள். மீதிப்பேர் ‘உரிமை’ என்று அச்சில் எதைக் கண்டாலும் கையை இழுத்துக்கொள்கிறார்கள். இரண்டு கூட்டமும் நூலைப் பார்க்கின்றனவே தவிர, பார்க்கவேண்டிய இடத்தைப் பார்ப்பதில்லை.

முதலில் ஆண்டு. பிலவ என்பது அறுபதாண்டுச் சுற்றில் ஒரு பெயர். 2021 சித்திரையில் பிறந்ததும் பிலவ. 1961இல் பிறந்ததும் பிலவ. 1901இல் பிறந்ததும் அதுவே. பழைய தமிழ் நூலின் முகப்பில் ஆங்கில ஆண்டு இல்லாவிட்டால் அறுபது வருடம் முன்னுக்கோ பின்னுக்கோ தவற இடமுண்டு. உரிமைக் காலமும் ஏறக்குறைய அந்த அளவானதே என்பதால், தவறினால் தீர்ப்பே தலைகீழாகிவிடும். பட்டியல் தயாரிப்போர் அடிக்கடி விடும் சின்னப் பிழை இன்னொன்று: பிலவ என்றால் 1961 என்று எழுதிவிடுவார்கள். தை, மாசி, பங்குனி மூன்றும் அடுத்த ஆங்கில ஆண்டில் விழுபவை. ஆகவே எங்கள் பதிகம் 1902 தையில் வந்தது, அல்லது 1962 தையில் வந்தது. 1961இல் வந்திருக்க வழியே இல்லை. உரிமைக் காலத்தைச் சட்டம் ஆண்டு முடிவோடு முடிப்பதால் இந்த ஒரு வருடமும் கணக்கில் நிற்கும்.

இரண்டில் எது? அச்சுக்கூடத்தின் பெயரே ஓரளவு வயது சொல்லும். பக்கத்து வல்வெட்டித்துறையில் இயற்றமிழ்ப் போதகாசிரியர் வைத்தியலிங்கபிள்ளை நடத்தியது பாரதி நிலைய முத்திராட்சரசாலை; அது பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சொல். பருத்தித்துறையில் கலாநிதி யந்திரசாலை. சுன்னாகத்தில் திருமகள் அழுத்தகம். ‘அச்சகம்’ என்பது பிறகு எங்கும் பரவிய பெயர். ஆனால் இதை மட்டும் நம்பிவிடக்கூடாது. யந்திரசாலை என்று பெயர் வைத்தவர்கள் அறுபது வருடம் கழித்தும் பலகையை மாற்றியதில்லை. எழுத்து வடிவமும் கைகொடுக்காது; தும்பிக்கை வைத்த பழைய ‘ணை’, ‘லை’ எங்கள் அச்சுக்களில் எழுபதுகளிலும் இருந்தன. சமய நூல்காரரோ எப்போதும் தம் காலத்துக்கு ஐம்பது வருடம் முந்திய தமிழிலேயே முன்னுரை எழுதுவார்கள். பதிகத்தைத் திருப்பிப் பின்னட்டையைப் பார்த்தோம். நெல்லியடிப் புடைவைக்கடை ஒன்றின் விளம்பரம். அதன் மூலையில் ரெலிபோன் இலக்கம். 1902இல் நெல்லியடியில் ரெலிபோன் வைத்துப் புடைவை விற்றவர் எவரும் இல்லை. ஆண்டு 1962. பதிகத்தின் பக்தி பதினாறு பக்கமும் சொல்லாததைக் கடைக்காரரின் விளம்பரம் சொல்லிவிட்டது.

வேறு சாட்சிகளும் உண்டு. 1885ஆம் ஆண்டின் அச்சிடுவோர், வெளியிடுவோர் கட்டளைச் சட்டத்தின்படி இலங்கையில் அச்சான நூல்களின் பிரதிகள் அரசுக்குப் போய்ச் சேரவேண்டும். பதிவான நூல்களின் பட்டியல் அரசாங்க வர்த்தமானியில் காலாண்டுதோறும் வந்தது. சுவடிக்கூடத்தில் இருந்து அதைப் புரட்டப் பொறுமை வேண்டும். என். செல்வராஜாவின் ‘நூல்தேட்டம்’ தொகுதிக்கு ஆயிரம் நூலாக ஈழத்துத் தமிழ் நூல்களைப் பதிப்பு, அச்சகம், விலை உட்படப் பதிந்துகொண்டு போகிறது. இவற்றைப் பார்க்காமல் ‘ஆண்டு தெரியவில்லை’ என்று எழுதுகிறவரை நான் மன்னிக்கமாட்டேன்.

ஆண்டு கிடைத்துவிட்டது, சரி. ஆனால் பெரும்பாலான நூல்களுக்கு அச்சான ஆண்டால் ஒரு பயனும் இல்லை. இதைச் சொன்னால் நம்பப் பலருக்குக் கஷ்டம். இலங்கையில் இப்போது நடப்பிலுள்ளது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அதன்படி உரிமை ஆசிரியரின் வாழ்நாள் முழுவதும் நின்று, அவர் இறந்தபின் இன்னும் 70 ஆண்டு நிற்கும். அதற்கு முந்திய 1979ஆம் ஆண்டின் 52ஆம் இலக்கச் சட்டத்தில் இறந்தபின் 50. அதற்கும் முன் இங்கே செல்லுபடியான பிரித்தானியரின் 1911ஆம் ஆண்டுச் சட்டத்திலும் 50. எண்கள் மாறினாலும் மூன்றும் எண்ணத் தொடங்கும் இடம் ஒன்றே: ஆசிரியர் கண்மூடிய ஆண்டு. 2026இல் நின்று பார்ப்பவருக்கு, 1955 முடிவதற்குள் மறைந்தவர் எழுதியதெல்லாம் இலங்கையில் எவரும் அச்சிடலாம். 1956இல் மறைந்தவர் 1910இலேயே எழுதியிருந்தாலும் இன்னும் கொஞ்சம் பொறுக்கவேண்டும்.

முதற்பதிப்பின் முகப்பில் எல்லா விவரமும் இருக்கலாம். ஆசிரியர் எப்போது சாகப்போகிறார் என்பது மட்டும் இராது. தேவையான ஒரே தகவல் நூலுக்குள் இல்லை. அது கல்வெட்டில் இருக்கிறது. நான் சொல்வது எங்கள் ஊர் அந்தியேட்டிக் கல்வெட்டு; செத்தவீட்டு முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் அந்தச் சின்னப் புத்தகம். பிறப்பு, இறப்பு, பெற்றார், மக்கள், மருமக்கள், எவர் எந்த நாட்டில் என்பது வரை அதில் இருக்கும். உரிமையாளரைத் தேடுபவருக்கு அதைவிட நல்ல ஆவணம் எந்தச் சட்டப் புத்தகத்திலும் கிடையாது. எழுத்தாளரின் கவிதை நூலை அலுமாரியில் வைத்து, அவருடைய கல்வெட்டைப் பழைய பேப்பர்க்காரருக்குப் போடுகிற வழக்கத்தை நாங்கள் விடவேண்டும்.

ஆளைப் பிழையாகப் பிடித்தால் கல்வெட்டும் உதவாது. கணபதிப்பிள்ளை என்று ஒரு பெயர். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை மட்டுவிலார், 1986இல் மறைந்தார். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை புலோலியார், பேராதனையில் தமிழ்ப் பேராசிரியர், 1968இல் மறைந்தார். ஒரே காலத்தில் எழுதிய இருவர். முதலெழுத்து ஒன்றைப் பட்டியலில் மாற்றிப் போட்டால், 2038 முடிவில் பொதுவுக்கு வரவேண்டிய நாடகம் 2056 வரை பூட்டப்படும். மறுவளமாகப் போட்டால், பண்டிதமணியின் கட்டுரை பதினெட்டு ஆண்டு முந்தியே களவுபோகும். நா. கதிரைவேற்பிள்ளை, கு. கதிரைவேற்பிள்ளை விஷயத்தில் குழப்பம் இன்னும் மோசம்: இருவருமே அகராதி செய்தவர்கள். நல்லகாலம், இருவரும் 1910க்கு முன்னரே போய்விட்டார்கள்; யாரை யாராக எடுத்தாலும் உரிமைக் கணக்கு கெடாது. பிழை பிழைதான். ஆனால் எந்தப் பிழை தீர்ப்பை மாற்றும், எது மாற்றாது என்று அறிந்து அதற்கேற்ப நேரம் செலவழிப்பதும் இந்த வேலையில் ஒரு பங்கு.

புனைபெயர்களும் அப்படியே. தொண்டைமானாற்றுப் பாலம் கடந்து அக்கரைக்கு அப்பால் போனால் இடைக்காடு. 1925இல் ‘நீலகண்டன் ஓர் சாதி வேளாளன்’ எழுதிய இடைக்காடரைப் பெயரை மட்டும் பார்த்துச் சித்தர் வரிசையில் சேர்த்துவிடலாம். அவர் நாகமுத்து என்ற ஆசிரியர். தொண்டைமானாற்றுக் குந்தவை என்றால் சோழ இளவரசி அல்லர், ‘யோகம் இருக்கிறது’ தந்த சிறுகதையாளர். ஆசிரியர் யாரென்று தெரியாத புனைபெயர் நூலுக்கே சட்டம் வெளிவந்த ஆண்டிலிருந்து 70 எண்ணச் சொல்கிறது. முகம் தெரிந்துவிட்டால் மறுபடியும் வாழ்நாள் கணக்கு. (ஊரின் பெயரே இப்படி ஒரு சூட்டல்தான். கருணாகரத் தொண்டைமான் வெட்டுவித்த ஆறு என்று வழிவழியாகச் சொல்கிறோம். எவரும் சாட்சி கேட்பதில்லை. கடலுக்குப் போகிற தண்ணீருக்கு அது போதும்.)

இனி ‘உரிமை’ என்ற அந்த அச்சுவரி. இங்கே எங்கள் சொல்லே எங்களைக் கொஞ்சம் ஏமாற்றுகிறது. ‘பதிப்புரிமை’ என்றால் கேட்பவர் காதில் பதிப்பாளரின் உரிமை என்று விழுகிறது. அச்சிட்டவர், பதிப்பித்தவர், உரை எழுதியவர், காசு போட்டவர் எல்லாரும் ‘பதிப்பு’ என்ற ஒரே குடையின்கீழ் நிற்கிறார்கள். ‘பதிப்புரிமை ஆசிரியருக்கே’ என்று அச்சடித்த நூலில் ஆசிரியர் என்பவர் மூலம் பாடியவரா, உரை செய்தவரா, பள்ளிக்கூட ஆசிரியரா என்று திகைத்த நாட்கள் எனக்குண்டு. ஆறுமுக நாவலர் 1879இல் மறைந்தார். அவருடைய பாலபாடத்தை இன்று அச்சிடும் ஒருவர் ‘அனைத்து உரிமைகளும் எமக்கே’ என்று முகப்பில் போட்டால், அந்த வரி நாவலரின் ஒரு சொல்லையும் கட்டாது. இன்று அச்சிடுபவர் புதிதாக எழுதிச் சேர்த்த முன்னுரையையும் குறிப்பையும் மட்டுமே கட்டும். அந்த வரி ஓர் உரிமைகோரல். சாட்சி வேறு.

பழைய பதிப்பகங்கள் சொல்லும் ‘அந்தக் காலத்திலேயே வாங்கிவிட்டோம்’ என்ற பேச்சையும் இதே தராசில்தான் போடவேண்டும். 1911ஆம் ஆண்டுச் சட்டத்தில் பலரும் கவனிக்காத ஒரு பிரிவு உண்டு. ஆசிரியர் தம் வாழ்நாளில் உரிமையை விற்றாலும், அவர் இறந்து 25 ஆண்டு ஆனதும் அது விலகி வாரிசுகளிடம் திரும்பிவிடும். உயில் மூலம் கொடுத்தது விதிவிலக்கு. 1940இல் நூறு ரூபாவுக்கு நாவலை எழுதிக்கொடுத்துவிட்டு 1950இல் ஒருவர் மறைந்தார் என்று வைப்போம். 1975இல் அந்த உரிமை பிள்ளைகளுடையதாகியது. பிள்ளைகளுக்கும் தெரியாது, பதிப்பகத்துக்கும் நினைவில்லை. அடுத்தடுத்த பதிப்புகளில் பழைய அச்சுவரியே அப்படியே வந்துகொண்டிருக்கும்.

ஒரு நூலுக்கு ஓர் உரிமை என்ற எண்ணமும் அவ்வளவு சரியில்லை. பேராசிரியர் கணபதிப்பிள்ளையின் ‘பூஞ்சோலை’ ஜெர்மன் எழுத்தாளர் தியோடோர் ஸ்டோர்மின் கதையொன்றைத் தழுவியது. ஸ்டோர்ம் 1888இல் மறைந்தார்; மூலத்தை எவரும் மறுபடி தமிழாக்கலாம். பேராசிரியரின் தமிழைத் தொட 2038 முடியவேண்டும். யாழ்ப்பாண வைபவமாலையும் அப்படியே. மயில்வாகனப் புலவரின் மூலம் ஒல்லாந்தர் காலத்தது, பிறிற்றோவின் ஆங்கிலம் 1879இல் வந்தது. இரண்டையும் தடையின்றி எடுக்கலாம். குல. சபாநாதன் பதிப்பின் ஆராய்ச்சியுரைக்கு அவர் மறைந்த ஆண்டைக்கொண்டு தனிக் கணக்குப் போடவேண்டும். ஆகவே ‘உரிமை’க் கட்டத்தில் ஒரு சொல் போட்டு முடிப்பது பல நூல்களுக்குப் பொய்யாகவே முடியும்.

கடல் தாண்டினால் கணக்கும் மாறும். இந்தியாவில் இறந்தபின் 60 ஆண்டு. யோகர் சுவாமிகள் 1964இல் சமாதியடைந்தார். அவர் இருந்தபோதே அச்சான பாடல்கள் 2025 பிறந்ததிலிருந்து சென்னையில் பொது, யாழ்ப்பாணத்தில் 2034 முடியும்வரை உரிமைக்குரியவை. பாக்கு நீரிணையின் அகலம் இந்த விஷயத்தில் பத்து வருடம். தமிழ்நாட்டரசின் நாட்டுடைமை அறிவிப்பை இங்கே தூக்கிக்கொண்டு வந்து ‘எல்லாம் பொது’ என்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்த ஆசிரியர்களின் குடும்பத்துக்கு அங்கே அரசு பரிவுத்தொகை கொடுத்தது. எங்கள் எழுத்தாளர்களில் பெரும்பாலோரின் குடும்பத்துக்கு அப்படி எவரும் கொடுக்கவில்லை.

இவ்வளவும் சொன்னபின் அஞ்சுகிறவர் கட்சி வென்றுவிட்டது போலத் தோன்றும். அப்படியில்லை. 1981 மே 31 இரவு தொடங்கி எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. அதன்பின் இடப்பெயர்வுகளில் வீடுவீடாகப் போனவற்றுக்குக் கணக்கே இல்லை. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் போன்றவை ஏன் வந்தன என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. வாரிசு ரொறன்ரோவிலா லண்டனிலா என்று தெரியும்வரை காத்திருக்கலாம். செல்லுக்கு அந்தப் பொறுமை கிடையாது. உரிமையாளர் கிடைக்காத நூலுக்கு இந்தியச் சட்டத்தில் அனுமதி கேட்க ஒரு வழி இருக்கிறது. எங்கள் சட்டத்தில் அப்படியொன்று இல்லை. ஆனால் இலாபநோக்கில்லாத நூலகமும் சுவடிக்கூடமும் அழியும் பிரதியைக் காக்கப் படியெடுக்கலாம் என்கிறது. ஆய்வுக்கும் விமர்சனத்துக்கும் கற்பித்தலுக்கும் நியாயமான பயன்பாட்டை விட்டுவைக்கிறது. அஞ்சுகிறவர்கள் இந்தப் பிரிவுகளை வாசிப்பதேயில்லை. ‘பழசுதானே’ என்கிறவர்கள் எந்தப் பிரிவையும் வாசிப்பதில்லை.

என் நிலை இது. படியெடுக்க ஒருநாளும் தயங்கக்கூடாது. எல்லாருக்கும் திறந்துவிடுமுன் கட்டாயம் தயங்கவேண்டும். இரண்டையும் ஒரே வேலையாக நினைப்பதால்தான் ஒருவர் எல்லாவற்றையும் ஏற்றுகிறார், மற்றவர் எல்லாவற்றையும் செல்லுக்கு விடுகிறார்.

பதிகத்துக்கு வருவோம். ‘இதன் உரிமை சந்நிதியானுக்கே’. இந்த வரியைப் பெடியன் தானம் என்று வாசித்தான்: “கோயிலுக்குக் குடுத்திட்டார், கோயில் எல்லாருக்கும்தானே.” கேட்க அழகாகத்தான் இருக்கிறது. அன்னதானக் கந்தன் வாசலில், வாய்கட்டிப் பூசை செய்யும் சந்நிதியில், கொடுத்ததைத் திரும்பக் கேட்பவர் இல்லை. ஆனால் பழைய நூல்களில் ‘உரிமை’ என்ற இதே சொல் சமர்ப்பணத்துக்கும் வந்ததுண்டு. தாயாருக்கு உரிமை, குருவுக்கு உரிமை என்று. அப்படியானால் இது காணிக்கை வரி, உரிமைமாற்றம் அல்ல. உரிமைமாற்றமென்றே கொண்டாலும், 1962இல் நடப்பிலிருந்த சட்டம் எழுத்தும் கையொப்பமும் கேட்டது. பெயரே போடாதவர் எங்கே கையொப்பம் வைத்தார்? பக்தனின் மனத்தை நான் சந்தேகிக்கவில்லை. அந்த வரியைக்கொண்டு பொதுவுடைமை என்று எழுத முடியாது என்பதே என் முடிவு.

ஆசிரியர் தெரியாதவரை, 1962உடன் 70 சேர்த்து 2032 முடிவு. தெரிந்துவிட்டால்? ஊரில் முதியவர் ஒருவர் ‘அது இன்னார் பாடினது’ என்று சொல்லி, அந்த இன்னார் 1980இல் மறைந்திருந்தால், கணக்கு 2050க்கு ஓடிவிடும். கூடத் தேடினவனுக்குக் கூடக் காத்திருப்பு. சட்டத்தின் இந்தக் கோணல் தேடாமலிருக்க ஆசைகாட்டுவது உண்மை. இருந்தும் தேடத்தான் வேண்டும். தன் பாட்டில் தன் பெயர் இருக்கும் உரிமை ஆசிரியருக்கு உண்டு. பெயரை மறைத்தது அவராகவே செய்ததா, அச்சுக்கோப்பவர் விட்டதா என்றும் நாங்கள் அறியவேண்டும்.

பெடியன் கட்டத்தில் நான் சொல்லச் சொல்ல அடித்தான். முதற்பதிப்பு 1962 தை. ஆண்டு பின்னட்டை விளம்பரத்தைக்கொண்டு கணித்தது. ஆசிரியர் பெயர் குறிக்கப்படவில்லை. ‘உரிமை சந்நிதியானுக்கே’ என்ற வரி சமர்ப்பணமாகக் கொள்ளப்பட்டது. ஆசிரியர் அறியப்படாதவரை இலங்கையில் 2032 டிசம்பர் 31 வரை உரிமைக்குரியது. பேணலுக்காகப் படியெடுக்கப்பட்டது, முகப்பும் பின்னட்டையும் மட்டும் காட்சிக்கு. ஆசிரியரை அறிந்தவர் தெரிவிக்கவும்.

“கட்டம் நிறைஞ்சிட்டுது மாமா. இன்னும் எழுதினால் வெட்டும்.”

வெட்டாமல் ‘தெரிவிக்கவும்’ வரை கொண்டது. அவன் கட்டிலிருந்து அடுத்ததை எடுத்தான். ஒரு வாகடம். முன்னுக்கு நாலு பக்கமும் பின்னுக்கு இரண்டு பக்கமும் செல்லரித்துப் போயிருந்தன, விளம்பரமும் இல்லை.